கருதாது செய்யும் தீங்கு

சென்ற மழைக்காலத்தில், தென்மேற்குக் காற்று கடுமையாக வீசிய ஒரு காலையில், திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரைக்குச் சென்ற நம் அன்பர் ஒருவர் ஒரு பறவையைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்தார். முதுகு கரி பூசியது போற் கறுத்தும், நெற்றியும் வயிறும் வெளுத்தும், வால் கத்தரிக்கோல் போற் பிளந்தும் இருந்தது அது. கடற்கரைக் காக்கைகள் கொத்த வந்தபோது எழுந்து பறக்கவும் அதற்கு வலியில்லை. மணலில் அமர்ந்து வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த முதியவர் ஒருவர், அது கரைப் பறவையன்று, நடுக்கடற் பறவை, காற்று இழுத்துவந்து போட்டுவிட்டது என்றாராம். நாம் அதற்குச் சிறு மீன் வைத்தோம், உண்ணவில்லை. நீர் வைத்தோம், அருந்தவில்லை. அன்றிரவே அது இறந்தது.

அதனைப் புதைத்துவிட்டு நின்றபோது நம்மிடையே ஒரு பேச்சு எழுந்தது. “அது அதன் வினை; நாம் என் செய்வது?” என்றார் ஒருவர். “தோன்றுவன யாவும் மறையும், பறவைக்கும் அதுதானே இயல்பு?” என்றார் மற்றொருவர். “நாம் அதனைக் கொல்லவில்லை, ஆகவே நம் சீலத்திற்கு ஊறு இல்லை” என்றார் மூன்றாமவர். மூன்றும் பௌத்தர் வாயிற் பிறந்த சொற்கள். மூன்றும் கேட்பதற்கு முறையானவையே. ஆயினும் நம் மனம் அமைதியுறவில்லை. அப்பறவை எவ்விடத்தது, அதன் இனத்தார் இன்று எந்நிலையில் உள்ளனர் என்று நூல்களைப் புரட்டினோம். புரட்டப் புரட்ட, அம்மூன்று விடைகளும் ஒவ்வொன்றாகத் தளரக் கண்டோம். அதனை நம் அன்பர்கள்முன் வைக்கவே இக்கட்டுரை எழுந்தது.

பட்சிப்பிட்டி

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அன்று இறந்த அந்த ஒரு பறவையை மனிதன் கொன்றான் என்று நாம் கூறவில்லை. காற்றும் களைப்புமே அதனைக் கொன்றன. கடற்பறவைகள் காற்றில் அகப்பட்டுக் கரையொதுங்குதல் மழைக்காலந்தோறும் கேரளக் கரையில் காணக்கூடியதே. அதற்கு அப்பால், அப்பறவைகள் பிறந்து வளரும் கடலில் நிகழ்வது யாது என்பதே நம் ஆராய்ச்சி.

தமிழில் ஆலா என வழங்கும் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஆங்கிலேயர் அதனைச் சூட்டி டேர்ன், அதாவது கரிநிற ஆலா, என்பர். உலகத்து வெப்பக் கடல்கள் பலவற்றில் அது உண்டு. ஆனால் இந்திய நாட்டு எல்லைக்குள் அது கூடமைத்த இடங்கள் மிகச் சில. அவற்றுள் பெயர்பெற்றது இலட்சத்தீவுக் கூட்டத்திலுள்ள பிட்டி என்னும் திட்டு. இலட்சத்தீவில் 36 தீவுகள் உள. அனைத்தையும் கூட்டினாலும் நிலப்பரப்பு 32 சதுரக் கிலோமீட்டர் அளவே. மக்கள் வாழ்வன பத்துத்தான். அவற்றின் தலைநகராகிய கவரத்தி, கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கவரத்திக்கு வடமேற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டரில், பவளப்பாறையின்மேல் மணலும் உடைந்த பவளமும் திரண்ட ஒரு மேடு, அலைக்குச் சற்றே மேலெழுந்து நிற்கிறது. அதுவே பிட்டி. தீவு மக்கள் அதனைப் பட்சிப்பிட்டி என்றும் வழங்குவர். அதன் பரப்பு சுமார் 3 ஏக்கர்; நம் ஊர் ஏழைக் குடியானவன் ஒருவனது புன்செய் அளவு. மரமில்லை, நிழலில்லை, குடிநீரில்லை. மனிதனுக்குப் பயன்படாத அந்த மணல்தான் கரிநிற ஆலாவுக்கும், பழுப்பு நோடி என்னும் பறவைக்கும், பெரிய கொண்டை ஆலாவுக்கும் தொட்டிலாயிற்று.

1875இல் ஹியூம் என்னும் பறவை நூலறிஞர் இத்தீவுகளிற் பயணம் செய்து, மறுவருடம் தாம் கண்டவற்றை எழுதி வெளியிட்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஆல்காக் என்னும் விஞ்ஞானி ஆய்வுக் கப்பலொன்றில் அங்கே சென்றார். மணலை மறைத்து அமர்ந்த பறவைத் திரளையும், சங்கோட்டுள் வாழும் துறவி நண்டுகள் இளங்குஞ்சுகளைப் பற்றித் தின்ற காட்சியையும் அவர் எழுதி வைத்தார். இதனை நாம் மறைக்கவில்லை. இயற்கை கொல்லாமை நோற்கும் விகாரமன்று. ஆயினும் நண்டும் ஆலாவும் அம்மணலில் நெடுங்காலம் உடன் வாழ்ந்தே வந்தன. ஒன்றால் மற்றொன்று அற்றுப் போகவில்லை.

இப்பறவையின் வாழ்க்கை வியப்புக்குரியது. கடலின்மேல் வாழ்ந்தும், அதன் இறகு நீரை முற்றும் தடுக்கும் இயல்பினதன்று. ஆகவே நீரில் நெடுநேரம் தங்கமாட்டாது. கூடு விட்டுப் பறந்த குஞ்சு மறுபடி நிலத்தில் கால்வைக்கச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை வானமே அதற்கு வீடு. பருவம் எய்திய பின்னும் ஒரு முறைக்கு ஒரே முட்டை இடும். முப்பதாண்டுக்கு மேலும் வாழவல்லது. நீண்ட ஆயுளும் சிறு மகப்பேறும் உடைய இத்தகைய உயிருக்கு ஒரு முட்டை இழப்பு என்பது கோழிக்கு ஒரு முட்டை இழப்புப் போன்றதன்று.

அதன் உணவோ பிறர் உழைப்பால் வருவது. ஆழத்தில் மூழ்க அதற்கு இயலாது. சூரை மீன் கூட்டம் கீழிருந்து துரத்த, சிறு மீன்கள் அஞ்சி மேலே துள்ளும். அவற்றைப் பறந்தபடியே கவ்வும். இலட்சத்தீவு மீனவர் இதனை நன்கு அறிவர். வானத்திற் பறவை திரளும் இடத்தைக் கண்டே அவர்கள் படகைத் திருப்பி, கழியும் தூண்டிலும் கொண்டு சூரையை ஒவ்வொன்றாகப் பிடிப்பர். அவ்வாறு பிடித்து, அவித்து, புகையிட்டு உலர்த்தியதே நம் சமையலறையில் மணக்கும் மாசிக் கருவாடு. பறவை வழிகாட்ட மனிதன் உண்ட உணவு அது.

பறவை மனிதனுக்குக் கடலில் வழிகாட்டுதல் நம் தருமநூல்கட்கும் புதிதன்று. தீக நிகாயத்துக் கேவட்ட சூத்திரத்தில் பகவான் ஓர் உவமை கூறுகின்றார். கடல் வணிகர் கப்பலிற் கரைகாணும் பறவையொன்றைக் கொண்டுசெல்வர். நிலம் தெரியாதபோது அதனைப் பறக்கவிடுவர். அது எத்திசையிலேனும் நிலத்தைக் கண்டால் அங்கே செல்லும். காணாவிடில் கப்பலுக்கே திரும்பிவரும் என்பது அது. அக்காலத்து வணிகன் பறவைக்குத் திரும்பி வர ஓர் இடம் வைத்திருந்தான். இக்காலத்து நாம் வைத்திருக்கின்றோமா என்பதே இப்போதைய கேள்வி.

பிட்டிக்கு நேர்ந்தது

பிட்டிக்குத் தீங்கு பல வழியாக வந்தது. மீன் பிடிக்கச் சென்றோர் திட்டில் இறங்கிப் பறவை முட்டைகளைத் திரட்டி உணவாகக் கொண்டனர். மனிதர் கால்பட்ட போதெல்லாம் தாய்ப்பறவைகள் எழுந்து பறக்க, முட்டைகள் வெயிலில் வெந்தன. 1995இல் அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2020இல் அதனைச் சூழ்ந்த 62 சதுரக் கிலோமீட்டர் கடலும், இலட்சத்தீவின் நெடுநாள் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த பி. எம். சயீதின் பெயரால், கடற்பறவைக் காப்பிடமாயிற்று. இவை நன்றே.

ஆனால் அரசாணைக்கு அடங்காத தீங்குகளும் உள. கடல்நீர் வெப்பமுற்று 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுப் பவளங்கள் வெளிறின. பவளம் உடைந்து பொடிந்தே அத்தீவுகளின் மணல் உண்டாகிறது. பவளம் மாயின் மணல் வரவும் குறையும், அலையைத் தடுக்கும் அரணும் தளரும். பங்காரம் திட்டைச் சேர்ந்த பரளி என்னும் சிறு தீவுகளுள் ஒன்று 1968இல் ஏறத்தாழ 8 ஏக்கர் பரப்புடையதாயிருந்தது. அது முழுதும் அரிக்கப்பட்டு நீரில் மறைந்தது என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. எட்டு ஏக்கர் மறைந்த கடலில் மூன்று ஏக்கர் மணலுக்கு உறுதி யாது?

இது ஒரு திட்டின் கதை மட்டுமன்று. உலகில் நெடுங்காலம் கணக்கெடுக்கப்பட்டு வந்த கடற்பறவைத் தொகைகளை ஆராய்ந்த அறிஞர், 1950 முதல் 2010 வரையிலான அறுபதாண்டில் அவை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தன என்று 2015இல் கூறினர். அதாவது, ஒருவர் பிறந்து பேரன் பேத்தி காணும் காலத்திற்குள் பத்தில் ஏழு பங்கு இல்லாமற் போயிற்று.

“அது அதன் வினை”

இனி, நம்மிடையே எழுந்த மூன்று விடைகளை முறையே ஆராய்வோம்.

துன்பமெல்லாம் முற்பிறவி வினையின் பயன் என்பது நம் நாட்டில் வேரோடிய எண்ணம். அதனைப் பகவான் ஏற்கவில்லை. மோலிய சீவகன் என்னும் துறவி இதே கொள்கையைக் கூறி அவர் கருத்தைக் கேட்டபோது, அவ்வாறு கூறுவோர் உலகம் கண்கூடாக அறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்னும் கருத்துப்பட விடையளித்தார். பித்தத்தாலும் வாதத்தாலும் சிலேட்டுமத்தாலும் துன்பம் வரும், பருவ மாற்றத்தால் வரும், கவனமின்மையால் வரும், பிறர் தாக்குதலால் வரும், வினைப்பயன் அக்காரணங்களுள் ஒன்றேயன்றி அதுவே யாவும் அன்று. சம்யுத்த நிகாயத்தில் உள்ள போதனை இது.

இதனை மற்றெவரினும் நாம் நன்கு உணரக் கடவோம். தெருவில் நடக்கவும், பொதுக்கிணற்றில் நீர் முகக்கவும், பள்ளியில் உட்காரவும் நம் முன்னோர்க்கு வழியடைத்தோர், அதற்குக் கூறிய காரணம் யாது? “அவர்கள் முற்பிறவியில் செய்த வினை” என்பதுதானே? அடித்தவன் கையைப் பாராமல் அடிபட்டவன் பிறவியைப் பார்க்கச் சொன்ன அச்சொல்லின் கொடுமையை அறிந்தன்றோ நாம் புத்த தருமத்தைச் சரணடைந்தோம்? நாம் எந்தச் சொல்லினின்று விடுதலை தேடி வந்தோமோ, அதே சொல்லை நம்மினும் எளிய உயிரின்மேல் எறிதல் தகுமா? வாய்பேசி வழக்காட வல்லார்க்கே நீதி என்பது நம் அறமன்று.

“தோன்றுவன மறையும்”

இரண்டாவது விடை அநித்தியம் பற்றியது. தோன்றிய யாவும் மறையும் என்பதில் ஐயமில்லை. பிட்டியும் ஒரு நாள் மறையும், ஆலாவும் மறையும், மனித குலமும் மறையும். ஆனால் பகவான் அநித்தியத்தை எவர்க்கு உரைத்தார், எதற்காக உரைத்தார் என்று காணல் வேண்டும். இறந்த குழந்தையைத் தோளிற் சுமந்து மருந்து தேடிய கிசாகோதமிக்கு அதனை உரைத்தார். அவள் பிடி தளரவும், துயர் ஆறவும் உரைத்தார். குழந்தைக்கு நஞ்சிட்ட ஒருவன் வந்து, “எப்படியும் மாயவேண்டியதுதானே?” என்று கேட்டிருப்பின், அவனுக்கும் அதுவே விடையாகுமா? அநித்தியம் துயருற்றோர்க்கு மருந்து. துயர் செய்தோர்க்கு அது சாக்கு அன்று.

மேலும், மறைவு காரணமின்றி நேர்வதன்று. காரணங்கள் கூடுதலால் நேர்வது. 1844இல் ஐசுலாந்துக்கு அருகே எல்டே என்னும் பாறைத் தீவில், பெரிய ஆக் என்னும் பறக்கமாட்டாத கடற்பறவையின் கடைசி இணை கொல்லப்பட்டது. இறகுக்கும் எண்ணெய்க்கும் இறைச்சிக்குமாக அதன் கூட்டம் பன்னெடுங்காலம் வேட்டையாடப்பட்டிருந்தது; எண்ணிக்கை அருகியதும், சேகரிப்போர் கொடுத்த விலைக்காக எஞ்சியதும் வேட்டையாடப்பட்டது. அநித்தியமா அதனைக் கொன்றது? மனிதர் கைகளே கொன்றன. எல்லாம் மறையும் என்று அறிந்தவன், உள்ள சிறு காலத்திற்கு உயிர்கள் துன்பமின்றி இருக்கட்டும் என்றே எண்ணுவான். மெழுகுவர்த்தி தானே அணையும் என்று அறிந்ததனால் அதனை ஊதி அணைக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

“நாம் கொல்லவில்லை”

மூன்றாவது விடையே வலியது. வினை என்பது எண்ணத்தை அடியாகக் கொண்டது என்பது பகவான் போதனையின் உயிர்நிலை. உயிர் என்று அறிதலும், கொல்லும் எண்ணமும், அதற்கான முயற்சியும் கூடினாலன்றி முதற் சீலம் முறிந்ததாகாது. எல்டேயில் பறவையின் கழுத்தை நெரித்தவனுக்கு எண்ணம் இருந்தது. பிட்டியின் கடலை வெப்பமாக்கியவன் யார்? விளக்கேற்றியவனா, வண்டி ஓட்டியவனா, ஆலை நடத்தியவனா? அவர்களுள் ஒருவனேனும் ஆலாவைக் கொல்ல நினைத்ததுண்டா? அப்பெயரையேனும் கேட்டதுண்டா? எண்ணமில்லாத இடத்தில் குற்றம் ஏது என்று கேட்கலாம்.

இதற்குத் தம்மபத உரையில் வரும் சக்குபாலத் தேரர் வரலாற்றையும் சான்று காட்டலாம். அவர் கண்ணிழந்தவர், அருகத நிலை எய்தியவர். மழை பெய்து ஓய்ந்த இரவொன்றில் அவர் உலாவியபோது, ஈரத்தில் எழுந்த பூச்சிகள் பல அவர் காலடியில் மடிந்தன. காலையில் அதனைக் கண்ட பிக்குகள் பகவானிடம் முறையிட்டனர். அவர் பூச்சிகளைக் கொன்றதை நீங்கள் கண்டீர்களா என்று பகவான் வினவ, காணவில்லை என்றனர். நீங்கள் அவரைக் காணாதது போன்றே அவரும் பூச்சிகளைக் காணவில்லை; அவர்க்குக் கொல்லும் எண்ணம் இல்லை என்று பகவான் தெளிவித்தார். தேரர்மேல் குற்றமில்லை. இது தீர்ப்பு, இதனை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் இதே மழைக்காலத்தைப் பற்றி, இதே பூச்சிகளைப் பற்றி, விநயத்தில் வேறொரு வரலாறு உண்டு. இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி உண்மை முழுதும் விளங்காது. பகவான் இராசகிருகத்து வேணுவனத்தில் தங்கியிருந்த காலம். பிக்குகள் பனிக்காலம், வேனில், மழைக்காலம் என்னும் வேறுபாடின்றி ஊர் ஊராய் நடந்தனர். மக்கள் முணுமுணுத்தனர்: இவர்கள் பசும்புல்லை மிதிக்கின்றனர், சிற்றுயிர்கள் பலவற்றை மடியச் செய்கின்றனர், மற்றச் சமயத் துறவிகளும் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குகின்றனர், பறவைகளுங்கூட மர உச்சியில் கூடமைத்து அக்காலத்தைக் கழிக்கின்றன, இவர்களுக்கு மட்டும் அது தெரியவில்லையே என்பது அம்முணுமுணுப்பு.

பிக்குகள் எவரும் புழுவைக் கொல்ல எண்ணி நடக்கவில்லை. தருமத்தைப் பரப்பவே நடந்தனர். அதனினும் நல்லெண்ணம் வேறில்லை. ஆயின், எண்ணமில்லையே, குற்றமில்லையே என்று பகவான் மக்களுக்கு விடையிறுத்தாரா? இல்லை. மழைக்காலத்தில் பிக்குகள் ஓரிடத்தில் தங்குக என்று விதித்தார். ஆடிப் பௌர்ணமியை அடுத்துத் தொடங்கும் வசாவாசம், அதாவது கார்காலத் தங்கல், அவ்வாறு பிறந்ததே. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகச் சங்கம் அதனைக் காத்து வருகிறது. ஆண்டின் ஒரு பகுதியில் சங்கமே தன் கால்களைக் கட்டிக்கொள்கிறது. கருதாது செய்யும் தீங்கைத் தவிர்ப்பதற்காக.

இவ்விரு வரலாறுகளும் முரணல்ல. சக்குபாலர் கண்ணிழந்தவர், அவர்க்குத் தெரியாது. இராசகிருகத்துப் பிக்குகளுக்குக் கண்ணுண்டு. மக்கள் அவர்களிடம் சொல்லியும்விட்டனர். தெரியாத வரையில் நேர்ந்தது வினையாகாது. தெரிந்த பின்னும் அப்படியே நடந்தால், அதற்குள் ஓர் எண்ணம் புகுந்துவிடுகிறது. கொல்ல வேண்டும் என்னும் எண்ணமன்று அது. மடிந்தால் மடியட்டும் என்னும் எண்ணம். அதன் பெயர் பிரமாதம், அதாவது அசட்டை. அசட்டையின்மையையே பகவான் தம் இறுதி உரையிலும் வற்புறுத்தினார்.

ஆகவே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டுவது, நாம் கொன்றோமா என்பதன்று. நாம் சக்குபாலரா, இராசகிருகத்துப் பிக்குகளா என்பதே. நூற்றாண்டுக்கு முன் கரியை எரித்தவர்கள் சக்குபாலரைப் போன்றவர்கள் என்னலாம். நாம் அவ்வாறு சொல்லிக்கொள்ள முடியாது. நமக்குக் கண்ணுண்டு, சொல்லவும் சொல்லிவிட்டனர்.

இவ்விடத்தில் ஒரு நீதியும் காக்கப்பட வேண்டும். பசிக்காகப் பிட்டியில் முட்டை எடுத்த மீனவன்மேல் முழுப்பழியையும் சுமத்துதல் எளிது. அவன் செயல் கண்ணுக்குத் தெரிகிறது. வசதியுள்ளோன் தன் வசதியாற் செய்யும் தீங்கோ எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளின் மீனவர் பலர் கடலில் மாண்டனர். அதே புயல் இலட்சத்தீவையும் தாக்கியது. கடல் சீறும்போது முதலில் மடிவோர் பறவையும் மீனவனுமே. அவர்களை எதிரெதிராக நிறுத்தி வைப்பது நம் தருமமன்று.

இனம் என்பது வெறும் பெயரா?

அறிவிற் சிறந்த அன்பர் ஒருவர் மேலும் ஒரு தடை எழுப்பினார். “துன்புறுவது தனியுயிர், இனம் என்பது ஒரு பெயர். தேர் என்று தனியே ஒன்றில்லை, சக்கரமும் அச்சும் பிறவும் கூடியதே தேர் என்று நாகசேனர் மிலிந்தனுக்கு விளக்கவில்லையா? அவ்வாறிருக்க, ஆலா இனம் அழிகிறது என்று ஏன் வருந்த வேண்டும்?” என்றார்.

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு கூறலாம். இனம் வெறும் பெயராயின், அதன் அழிவு என்பதும் வெறும் எண்ணிக்கையன்று. சூரை அருகிய கடலில் நெடுந்தூரம் பறந்து தாய் திரும்பும் முன் மணலிற் பசித்துக் கிடந்த ஒரு குஞ்சு. வெயிலில் வெந்த ஒரு முட்டை. பிளாஸ்டிக்கை மீனென்று விழுங்கி வயிறு நிறைந்தும் உணவின்றி மெலிந்த ஒரு பறவை. இவைகளின் தொகையே அந்த அழிவு. பத்தில் ஏழு பங்கு என்பதற்குள் அத்தனை தனித்தனித் துன்பங்கள் அடங்கியுள்ளன.

இரண்டாவது, நாகசேனர் உவமையை முழுதும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேர் என்று தனிப்பொருள் இல்லை; ஆகவேதான் அச்சாணி ஒன்று கழன்றாலும் தேர் ஓடாது. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்பது நம் தருமத்தின் நடுநாயகமான கொள்கை. இதற்கு விஞ்ஞானம் அண்மையில் தந்த சான்று இலட்சத்தீவின் உடன்பிறப்பாகிய தீவுகளிலிருந்தே வந்தது. இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோசு ஆகிய மூன்றும் இந்துமாக்கடலுள் மூழ்கிய ஒரே மலைத்தொடரின் முகடுகள். சாகோசில் சில தீவுகளுக்கு மனிதர் கப்பல்களோடு எலிகள் சென்று, முட்டையையும் குஞ்சையும் தின்று பறவைகளை அறவே குறைத்தன. மற்றத் தீவுகளுக்கு எலி செல்லவில்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. எலியில்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு மிகுதி. அவற்றின் எச்சம் மழையாற் கரைந்து கடலில் கலந்து உரமாகிறது. அதனால் அத்தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளில் மீன்களின் மொத்த எடை எலித் தீவுகளைக் காட்டிலும் ஏறத்தாழ பாதி மடங்கு மிகுந்திருந்தது.

நடுக்கடலில் மீனை உண்ட பறவை தீவில் எச்சமிடுகிறது. எச்சம் பாறையை அடைந்து அங்குள்ள மீனை வளர்க்கிறது. பாறையை அரித்துத் தின்னும் மீன்கள் அதனை மணலாக்குகின்றன. மணல் தீவாகிறது, தீவு பறவைக்குத் தொட்டிலாகிறது. இதனுள் எது முதல், எது முடிவு? எலியை ஏற்றிச்சென்ற மாலுமி பாறை மீனைக் குறைக்க எண்ணினானா? எண்ணவில்லை. ஆயினும் குறைந்தது. சார்பு அறியாதவன் செய்யும் தீங்கு எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

நம் வாயிலிலிருந்து கடல் வரை

இவையெல்லாம் தொலைதூரத் தீவின் செய்தி என்று எண்ணற்க. நம் நகரின் நடுவே ஆமயிழஞ்சான் கால்வாய் ஓடுகிறது. அது ஆக்குளம் காயலைச் சேர்ந்து, வேளி வழியே அரபிக் கடலை அடைகிறது. 2024 ஜூலையில், இரயில் நிலையத்தின் அடியே செல்லும் அதன் பகுதியில் மலைபோற் குவிந்த கழிவை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் மறைந்தார். இரண்டு நாள் தேடிய பின்னரே உடல் கிடைத்தது. அக்கழிவிற் பெரும்பகுதி பிளாஸ்டிக். கடையில் வாங்கிய பையையும் புட்டியையும் எறிந்த ஆயிரம் பேருள் ஒருவரேனும் அவரது மரணத்தை எண்ணியிருப்பாரா? எவரும் எண்ணவில்லை. எவரும் கொல்லவில்லை. ஆயினும் ஓர் ஏழை இறந்தார். கருதாது செய்யும் தீங்கு பறவையோடு நிற்பதில்லை. நம்மிற் கடைநிலையில் நிற்பவனிடமே அது முதலில் வந்து சேர்கிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் வரலாறு நாம் யாவரும் அறிந்ததே. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையிலேந்தியவன், கப்பலார் மறந்து விட்டுச் செல்ல, ஆளில்லா மணிபல்லவத்தில் தனியனானான். உண்பிக்க ஓர் உயிர் இல்லாத இடத்தில் தன் ஒரு வயிற்றுக்காக அப்பாத்திரத்தை வைத்துக்கொள்ள அவன் உள்ளம் ஒருப்படவில்லை. கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு, உண்ணாநோன்பால் உயிர் நீத்தான். நிறைந்த பாத்திரமும் வெறிச்சோடிய தீவும் அவனுக்குப் பேறாகத் தோன்றவில்லை. மனித குலமோ இன்று தன் பாத்திரத்தை நிறைத்துக்கொண்டே, சுற்றிலும் உள்ள உயிர்களை வெறுமையாக்கிக்கொண்டு, அத்தகைய தனிமையை நோக்கித் தானே கப்பலோட்டிச் செல்கிறது.

செய்யத்தக்கது யாது? அரசினர் சட்டத்தால் செய்யவேண்டுவன உள. அவற்றைக் கேட்பது குடிமக்கள் கடமை. கேரளத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் 52 நாள் விசைப்படகு இழுவலை மீன்பிடிக்குத் தடை உண்டு. கடலுக்கு அளித்த கார்காலத் தங்கல் என்றே அதனை நாம் கருதலாம். பிட்டிக்கும் அத்தகைய அமைதி எப்போதும் வேண்டும். அங்கே கால்வையாதிருத்தலே அதற்கு நாம் அளிக்கும் தானம்.

நாம் நம்மளவில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆடிப் பௌர்ணமி தொடங்கிப் பிக்குகள் நடையை அடக்கும் அம்மூன்று மாதங்களில், இல்லறத்தாராகிய நாமும் ஒன்றை அடக்குவோம். கடைத்தெருவுக்குத் துணிப்பையோடு செல்வோம். எறியும் பழக்கத்தை நிறுத்துவோம். நடந்து செல்லக்கூடிய தொலைவுக்கு வண்டியை எடாதிருப்போம். மூன்று மாதம் காத்தது பின்னர்ப் பழக்கமாகும். இதனால் பிட்டி காப்பாற்றப்பட்டுவிடும் என்று நாம் கூறவில்லை. இராசகிருகத்துப் பிக்குகள் தங்கியதனால் உலகத்துப் பூச்சிகள் யாவும் பிழைத்துவிடவுமில்லை. தம் காலடியில் மடிவனவற்றுக்குத் தாம் பொறுப்பு என்று அவர்கள் ஒப்புக்கொண்டனர். அந்த ஒப்புதலே நெறி.

அன்று நாம் புதைத்த பறவையின் வரலாறு நமக்குத் தெரியாது. அதுவும் பிட்டியின் மணலில் முட்டையுடைத்துப் பிறந்ததாகவே இருக்கலாம். வேறெங்கோ பிறந்ததாகவும் இருக்கலாம். அதன் மரணத்திற்கு நாம் காரணமல்லோம். ஆனால் அதன் இனத்தார்க்கு இறங்க ஒரு பிடி மணல் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஓரளவு நம் கையில் உள்ளது என்பதை இப்போது அறிந்துவிட்டோம். அறிந்த பின்னர்ச் சக்குபாலரின் பின்னே மறைந்து நிற்றல் நமக்குத் தகாது. வரும் ஆடிப் பௌர்ணமியில் பஞ்சசீலம் ஏற்கும்போது, முதற் சீலத்தோடு இதனையும் மனத்திற் கொள்வோமாக.